மாசி மாதத்துப் பொங்கல்

சாணார்பட்டி,
ஆடி வெள்ளி.

அன்புத் தம்பி பழனிக்குமாருக்கு உன் அக்கா கௌசல்யா எழுதிக்கொள்வது.

நீயும் சுகன்யாவும் மருமகன் செழியனும் சுகமாக இருக்கிறீர்கள் என்பதை, நீ போனில் வைக்கும் ஸ்டேட்டஸ் படங்களில் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரிக் கடற்கரையில் மூன்று பேரும் ஐஸ்கிரீம் சாப்பிட்டீர்கள். செழியனுக்கு முன்பல் விழுந்திருக்கிறது போல. இங்கே நாங்கள் எப்படி இருக்கிறோம் என்று நீ கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்லத்தானே அக்கா என்று ஒருத்தி இருக்கிறேன்.

இந்தக் காலத்தில் காகிதத்தில் எழுதுகிறாளே என்று நினைப்பாய். வைகாசி மாதத்திலிருந்து நான் போன் போட்டால் நீ எடுப்பதில்லை. வாட்ஸப்பில் எழுதலாம் என்றால், என் போன் பாதி நேரம் உன் மருமகள் அபிராமி கையில்தான் இருக்கிறது. நான் இதை எழுதுவது அவளுக்குத் தெரிய வேண்டாம். வீட்டு முகவரிக்குத்தான் அனுப்புகிறேன். உங்கள் பள்ளிக்கூடத்து முகவரி எனக்குத் தெரியாமல் இல்லை. அவர்கள் அனுப்பிய புத்தகத்தின் பின்னட்டையில் பெரிய எழுத்தில் இருக்கிறது.

மழை இன்னும் எட்டிப் பார்க்கவில்லை. கிணற்றில் மோட்டார் அரை மணி நேரம் ஓடினால் அதிகம். மல்லிகைக்கு ஆடி வெள்ளி என்பதால் இன்றைக்கு மட்டும் நல்ல விலை. உன் மச்சான் விடியும் முன்பே திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்குப் போய்விட்டார். அவருக்கு முழங்கால் வலி விட்டபாடில்லை. எனக்கு ஒன்றும் இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறேன், தூங்குவதுதான் இல்லை.

புதன்கிழமை உன் செய்தி வந்தது. இவ்வளவு நாள் கழித்து வந்திருக்கிறதே என்று ஆசையாகத் திறந்தேன். "அக்கா, அடுத்த மாசியிலயும் ஸ்டூடண்ட்ஸ் வாராங்க. க்ளேர் மேடம் அதே வீடுதான் வேணும்ங்கிறாங்க. மச்சான்ட்ட சொல்லிரு" என்று போட்டிருந்தாய். கீழே ஒரு கும்பிடு, ஒரு பூ. அபியைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அதைப் பார்த்த பிறகுதான் இந்தத் தாளை எடுத்தேன்.

நடந்ததெல்லாம் எனக்குத் தெரியாதா என்பாய். தெரியும். ஆனால் உனக்கு அது ஒரு மாதிரி நடந்தது, எங்களுக்கு வேறு மாதிரி நடந்தது. ஒரு தடவை என் பக்கத்திலிருந்து படி.

தை மாதம் நீ வந்தபோது வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாய். வீடு வாங்க வந்தவன் மாதிரி பார்க்கிறானே என்று நான் கேலி செய்தேன். பிறகுதான் விஷயத்தைச் சொன்னாய். உங்கள் பள்ளி பிரெஞ்சும் ஆங்கிலமும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கிற பெரிய பள்ளி, அங்கே படிப்பவர்களை உலகத்துக்கே குடிமக்களாக ஆக்கப்போகிறார்கள், அதனால் அவர்கள் உண்மையான கிராம வாழ்க்கையைப் பார்க்க வேண்டும், நீதான் அங்கே கலாச்சார ஒருங்கிணைப்பாளர் என்றாய். அதுவரை எனக்குச் சந்தோஷம்தான். என் தம்பி இவ்வளவு பெரிய பள்ளியில் இருக்கிறான் என்று பூப்பறிக்கிற பெண்களிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக ஆரம்பித்தாய். ஃபிரிட்ஜ் கண்ணில் படக்கூடாது. கேஸ் அடுப்பைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு விறகு வைக்க வேண்டும். டிவியைக் கழற்ற வேண்டும். உன் மச்சானின் டாடா ஏஸ் வண்டி கொடைரோட்டில் அவர் சிநேகிதர் சகாயராஜ் வீட்டில் நிற்க வேண்டும். சின்னக்கண்ணு அண்ணன் வீட்டு மாடுகள் நம் வாசலில் நிற்க வேண்டும். அபி பரிசாக வாங்கிய கோப்பைகளும் அவள் கம்ப்யூட்டரும் பரணுக்குப் போக வேண்டும். கழிப்பறையை மட்டும் மறைக்க வேண்டாம் என்றாய், அவர்களுக்கு அது வேண்டுமாம். "அவங்க உண்மையானதப் பாக்கணும்க்கா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாய். "அப்ப நாங்க வாழ்றது என்னடா, பொய்யா?" என்று கேட்டேன். நீ சிரித்தாய். நானும் சேர்ந்து சிரித்துத் தொலைத்தேன்.

பொங்கல் முடிந்து ஒரு மாதம் ஆன பிறகு, மாசி மாதத்தில், வாசலில் கரும்பு கட்டிப் பொங்கல் வைத்தோம். ஊரே வேலிக்கு அந்தப் பக்கம் நின்று வேடிக்கை பார்த்தது. மாட்டை ஓட்டிக்கொண்டு வந்த சின்னக்கண்ணு அண்ணன், "என்ன கௌசல்யா, காலண்டரத் திருப்பி மாட்டிட்டியா?" என்று கேட்டார். பால் பொங்கும்போது பிள்ளைகள் கை தட்டினார்கள். தட்டியது போதவில்லை என்று, அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்த ஆசிரியை க்ளேர் மேடம் படம் எடுப்பதற்காக இன்னொரு தடவை பாலைப் பொங்க வைத்தாய். சாமிக்கு வைக்கிற பொங்கலை இரண்டாம் தடவை பொங்க வைத்த வீடு இந்தப் பக்கத்தில் நம்முடையது ஒன்றுதான்.

நீ என் தம்பி என்பதையும் மறைக்கச் சொன்னாய். சொந்தக்காரர் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டான் என்று பள்ளியில் பேசுவார்களாம். சரி என்றேன். நீ பிறந்த வீட்டுக்குள் வந்து, "அம்மா, கொஞ்சம் தண்ணி குடுங்க" என்று என்னைப் பார்த்துக் கேட்டாய். செம்பில் மொண்டு கொடுத்தேன். கொடியில் உன் லுங்கி காய்ந்துகொண்டிருந்தது. அதையும் நான்தான் ஓடிப்போய் எடுத்து ஒளித்தேன்.

அதெல்லாம் போகட்டும். என் மானம், நான் விட்டுக்கொடுத்தேன். அபி விஷயத்துக்கு வருகிறேன்.

அவள் ஆறாம் வகுப்பு படிக்கும்போதிலிருந்து தினமும் சாயங்காலம் போனில் நீதான் அவளுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தாய். காய்ச்சல் வந்த அன்றைக்குக்கூட விட்டதில்லை. அதை நான் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன். பூத்தொடுக்கும்போதெல்லாம் அந்தப் பாஷையில் எதையாவது முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள். அந்தப் பிள்ளைகள் வரப்போகிறார்கள் என்றதும், வாசலில் நின்று வரவேற்று என்ன சொல்வது என்று மாதம் முழுக்கக் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். வருவதற்கு முதல் நாள் நீ அவளைக் கூப்பிட்டு, "அபி, நீ பிரெஞ்சு பேசுனா அவங்க பாடமே கெட்டுப்போயிரும். பாஷை தெரியாத ரெண்டு பேரு எப்படிப் பழகுறதுங்கிறதுதான் பாடம். நீ ஒண்ணும் தெரியாத மாதிரி இருந்துரு. இது நல்லா முடிஞ்சா மேடம் மனசுல நம்ம ஊரு நிக்கும், உனக்கு அந்த எடம் கெடைக்கும்" என்றாய். வருஷத்துக்கு ஒரு வெளியூர்ப் பிள்ளைக்கு உங்கள் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பில் விடுதியோடு தருகிற இலவச இடம். அதற்குத்தானே அவள் அத்தனை வருஷம் படித்தாள். சரி மாமா என்று தலையாட்டினாள்.

வந்தவர்களில் புதுச்சேரித் தமிழ்ப் பிள்ளைகளும் சிலர் இருந்தார்கள். அவர்களையும் தமிழ் பேசக்கூடாது, சைகையில்தான் பேச வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தாய். அதில் ஒரு பையன் யாரும் பார்க்காதபோது அடுப்படிக்கு வந்து, "அத்தை, ஊறுகா இருக்கா?" என்று கிசுகிசுத்தான். அள்ளிக் கொடுத்தேன். இங்கே வந்தவர்களில் என்னை அத்தை என்று கூப்பிட்டவன் அவன் ஒருத்தன்தான்.

நான் சொன்னதை எல்லாம் நீ மொழிபெயர்த்தாய். பிள்ளைகள் வேர்த்துக் கொட்டி உட்கார்ந்திருந்ததைப் பார்க்கப் பொறுக்காமல், "பாவம், இந்தப் பிள்ளைகளுக்கு வெயில் ஒத்துக்கல, ஃபேனயாவது போடுங்க" என்றேன். நீ அவர்களிடம் நீளமாக ஏதோ சொன்னாய். எல்லாரும் என்னைப் பார்த்துக் கைகூப்பினார்கள். நானும் பதிலுக்குக் கூப்பினேன். சூரியன் எங்கள் வீட்டு மூத்த விருந்தாளி, அவரை நாங்கள் ஒரு நாளும் குறை சொல்வதில்லை என்று நான் சொன்னதாக நீ சொல்லியிருக்கிறாய். அபி பிறகு சொல்லித்தான் தெரியும். கடைசிவரை ஃபேன் போடவே இல்லை.

அவர்கள் பேசியது எல்லாம் அவளுக்குப் புரிந்தது, பழனி. அதைத்தான் நீயும் நானும் யோசிக்கவில்லை. நம் வீட்டு மணம், நம் சாப்பாடு, என் காலில் இருந்த வெடிப்பு, எல்லாவற்றையும் பற்றி அந்தப் பிள்ளைகள் அவள் முன்னாலேயே பேசினார்கள். பிள்ளைகள்தான், கெட்ட எண்ணம் இல்லை, பரவாயில்லை. க்ளேர் மேடம் சாப்பிடும்போது, இந்தப் பெண்ணுக்கு எவ்வளவு அழகான கண்கள், பாவம், இன்னும் இரண்டு வருஷத்தில் கல்யாணம் செய்து வைத்துவிடுவார்கள் என்று சொல்லியிருக்கிறார். அபி அப்போது அவருக்குத்தான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றி முடித்துவிட்டு உள்ளே வந்து என்னிடம் சோற்றுப் பானையை வாங்கிக்கொண்டு போனாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நீ பக்கத்தில் இருந்தாய். நீயும் தலையாட்டினாயாம்.

அன்றைக்குச் சாயங்காலம் சுருட்டை முடி வைத்த ஒரு பெண்ணுக்கு மாதவிலக்கு வந்துவிட்டது. கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு தன் தோழியிடம் பிரெஞ்சில் சொல்லி அழுதிருக்கிறாள். அபி அதைக் கேட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அவள் கையைப் பிடித்துக் கழிப்பறைக்குக் கூட்டிக்கொண்டு போய், நாப்கினும் மாற்றுப் பாவாடையும் கொடுத்துவிட்டு வந்தாள். அந்தப் பெண் இவளைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. இதைத்தான் க்ளேர் மேடம் உங்கள் பள்ளிப் புத்தகத்தில் எழுதினார். முழுப் பக்கத்துக்கு அபியின் படம். எந்த மொழியும் பகிர்ந்துகொள்ளாமலே ஒரு கிராமத்துப் பெண் எங்கள் மாணவியின் மனதைப் படித்தாள், உலகக் குடிமகனுக்கு இதயத்தின் மொழி ஒன்றே போதும் என்று போட்டிருந்ததாம். அபி அந்தப் புத்தகத்தை எனக்குப் படித்துச் சொல்லிச் சிரித்தாள். அன்றைக்கு அவளால் சிரிக்க முடிந்தது.

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த கையோடு உங்கள் பள்ளிப் பரீட்சையை வீட்டில் கம்ப்யூட்டரிலேயே எழுதினாள். உலகக் குடிமகன் என்பவர் யார் என்று பிரெஞ்சில் கட்டுரை. நம் தோட்டத்து மல்லிகை விடியற்காலை பறித்தால் மறுநாள் துபாயில் ஒரு தலையில் இருக்கிறது, பறித்த கை கொடைரோட்டைத் தாண்டியதில்லை, இந்த இரண்டு பேரில் யாரை உலகக் குடிமகன் என்பது என்று எழுதியிருந்ததை எனக்குத் தமிழில் சொன்னாள். எழுதி அனுப்பிவிட்டு, எழுதியதை உனக்குப் போனில் முழுக்க வாசித்தும் காட்டினாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நீ சொன்னதை நானும் கேட்டேன். "ஏத்தா, நானே இப்படி எழுத மாட்டேன்" என்றாய். இவள் சந்தோஷத்தில் அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

வைகாசியில் மெயில் வந்தது. அதையும் அவள்தான் எனக்குத் தமிழில் சொன்னாள். எங்கள் ஆசிரியர் இந்த மாணவியை அவள் வீட்டிலேயே சந்தித்திருக்கிறார், அவளுக்குப் பிரெஞ்சில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது என்பதை அறிவார், எனவே இந்தக் கட்டுரையை வேறு யாரோ எழுதியிருக்கிறார்கள் என்று கருதுகிறோம். நேர்மைதான் உலகக் குடிமகனுக்கு முதல் தகுதி. ஆனாலும் எங்களுக்குக் கோபம் இல்லை. வறுமையில் இருக்கும் குடும்பங்கள் பிள்ளைகளுக்காகச் சில நேரம் இப்படிச் செய்துவிடுவதை நாங்கள் புரிந்துகொள்கிறோம். இதுதான் அந்த மெயில். புரிந்துகொள்கிறார்களாம். திருடி என்று சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது.

அன்று இரவு நீ பேசினாய். "அந்த முடிவு எடுத்த ரூம்ல நானும்தான்க்கா இருந்தேன். மேடம் புத்தகத்துல இருந்த படத்தையும் அபி அப்ளிகேஷன் போட்டோவையும் பக்கத்துல வச்சுக் காட்டுனாங்க. நான் என்னன்னு சொல்றது? வாயத் தொறந்தா மொத்தமும் நாடகம்னு வெளிய வந்துரும், என் வேல போயிரும்" என்றாய். அழுதாய். நீ அழுததைக் கேட்டு நானும் அழுதேன், சரி விடுடா என்றேன். அதற்குப் பிறகு நீ போன் எடுக்கவில்லை. விடு என்று சொன்னதால் விட்டுவிட்டாய் போல.

உங்கள் பதிலுக்காகக் காத்திருந்ததில் திண்டுக்கல் டவுனில் நல்ல பள்ளியில் உயிரியல் பிரிவு நிரம்பிவிட்டது. செடிகொடிகளைப் பற்றிப் படிக்க வேண்டும் என்று இருந்தவள் இப்போது பக்கத்துப் பள்ளியில் மிச்சமிருந்த வணிகவியலில் உட்கார்ந்திருக்கிறாள். வணிகவியல் ஒன்றும் கெட்ட படிப்பு இல்லை. அவள் கேட்ட படிப்பு இல்லை, அவ்வளவுதான். உன் மச்சான் பூ மார்க்கெட்டில் யாரிடமோ மனது பொறுக்காமல் சொல்லிவிட்டார். அது ஊர் வந்து சேரும்போது, வெள்ளைக்காரன் பரீட்சையில் காப்பி அடித்து மாட்டிக்கொண்ட பிள்ளை என்று ஆகிவிட்டது. பள்ளிக்கூட பஸ்ஸில் பையன்கள் அதைச் சொல்லிக் கூப்பிடுகிறார்களாம். அவர் இரண்டு தடவை புதுச்சேரிக்குப் பஸ் ஏறக் கிளம்பிவிட்டார். இரண்டு தடவையும் நான்தான் பையைப் பிடுங்கி வைத்தேன். இனிமேல் பிடுங்குவேனா என்று தெரியவில்லை.

இப்போது சாயங்காலங்களில் அவளுக்கு வேலை இல்லை. பூத்தொடுக்கும்போது வாய் அசைவதில்லை. தொடுத்து முடித்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்கிறாள். உன்னைப் பற்றி ஒரு குறை சொன்னதில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

போன வாரம் என் போனில் எதையோ தேடும்போது, அவள் அந்த க்ளேர் மேடத்துக்கு எழுதி வைத்திருந்த மெயிலைப் பார்த்தேன். நீளமாக இருந்தது, அனுப்பாமல் கிடந்தது. என்னடி இது என்று கேட்டேன். நடந்ததை எல்லாம் எழுதியிருக்கிறேன் என்றாள், நாடகம், ஃபிரிட்ஜ், தண்ணீர் ஊற்றும்போது கேட்டது, எல்லாம். சந்தேகமாக இருந்தால் இப்போதே போன் போடுங்கள், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பிரெஞ்சில் பேசுகிறேன் என்று முடித்திருக்கிறாள். வைகாசியிலேயே எழுதிவிட்டாளாம். ஏன் அனுப்பவில்லை என்றேன். "மாமாவுக்கு வேல போயிரும்மா. செழியனும் அங்கதான படிக்கிறான்" என்றாள். சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

நீ ஒரு பள்ளிக்கூடம் நிறையப் பிள்ளைகளுக்கு உலகத்தைச் சொல்லிக்கொடுக்கிறாய். இங்கே ஒருத்தி உன் பிள்ளையின் படிப்புக்காகத் தன் படிப்பை விட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்கிறாள். மாசியில் நீ சொல்லி மூடினாள். இப்போது யாரும் சொல்லவில்லை.

உன் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. வாடகை வீடு, பிள்ளை படிப்பு, எல்லாம் அந்த வேலையில்தான் நிற்கிறது. அந்த மெயிலை அனுப்பு என்று நான் அவளிடம் சொல்லப்போவதில்லை. சொன்னால் அனுப்பிவிடுவாள், பிறகு ஆயுசுக்கும் மாமா வாழ்க்கையைக் கெடுத்தவள் நான்தான் என்று நினைத்துக்கொண்டிருப்பாள். அந்தப் பாரத்தையும் அவள் தலையில் வைக்க மாட்டேன். ஆனால் உங்கள் பள்ளி செப்டம்பரில்தான் திறக்கிறது. அதற்குள் நீயே அந்த க்ளேர் மேடம் முன்னால் போய் நின்று, அவள் என் அக்கா மகள், அவளுக்குப் பிரெஞ்சு தெரியும், சொல்லிக்கொடுத்தவன் நான்தான், தெரியாத மாதிரி இருக்கச் சொன்னவனும் நான்தான் என்று சொல். இவ்வளவுதான் நான் கேட்பது. அவர்களுக்கு உண்மையான கிராமம்தானே வேண்டும், இதுவும் அதில் ஒன்று என்று சொல். இடம் கிடைக்காவிட்டால் போகட்டும். காப்பி அடித்தவள் என்ற பெயராவது போகும்.

உன் மடியில் வைத்துத்தான் அவளுக்குக் காது குத்தினோம். கத்தினாள் என்று நீயும் சேர்ந்து கண் கலங்கினாய், ஆசாரியைத் திட்டினாய். பெரியவள் ஆனபோது தாய்மாமன் சீர் என்று தெருவே பார்க்க எத்தனை தட்டு கொண்டுவந்தாய். அதையெல்லாம் வேண்டாம் என்று யார் சொன்னார்கள். நாளைக்கு அவள் கல்யாணத்துக்கும் நீ வந்து முன்னால் நிற்கத்தான் போகிறாய். நிற்கும்போது அவள் முகத்தைப் பார்க்க உன்னால் முடிய வேண்டும் என்றுதான் இவ்வளவும் எழுதுகிறேன்.

வருகிற மாசிக்கு வீடு தர மாட்டோம். உன் மச்சான் சொன்னது இல்லை, நான் சொல்வது. நீ மட்டும் எப்போது வேண்டுமானாலும் வா. ஃபேன் போட்டு வைக்கிறேன்.

சுகன்யாவை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல். செழியனுக்கு அத்தையின் ஆசீர்வாதம். அவன் அந்தப் பள்ளியிலேயே நன்றாகப் படித்து, நினைத்த இடத்துக்குப் போகட்டும். ஒரு அறைக்குள் நாலு பேர் கூடி அவனைப் பொய்யன் என்று சொல்கிற நாள் வரவே வேண்டாம். அப்படி வந்தால், அந்த அறையில் உட்கார்ந்திருக்கிற அவனுடைய தாய்மாமனாவது வாய் திறக்கிறவராக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் கூடப் பிறந்த அக்கா,
கௌசல்யா ராமர்.